மருந்து எறங்குனா மட்டும் போதுமா?

ஆபரேஷனுக்குக் குடுக்குற மயக்க மருந்தப் பத்தின உங்க கட்டுரையில "மயக்க கேஸ (வாயுவ) நிறுத்தினதும் மருந்து உடம்ப விட்டு வெளியேறி நோயாளி தானா முழிச்சுக்குவார்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. முழிக்கிறதுக்குன்னு மூளைக்குள்ள தனி சர்க்யூட்டே இருக்குங்க. 2008-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல மயக்கவியல் டாக்டர் மேக்ஸ் கெல்ஸ் குழு எலிங்கள வச்சு பாத்தாங்க, மூளையோட ஹைப்போதலாமஸ்ங்குற பகுதியில, நம்மள முழிச்சிருக்க வைக்கிற ஒரெக்சின்ங்குற ரசாயனத்த சுரக்குற செல்கள் இல்லாத எலிக்கு மயக்கம் ஏறுறது மத்த எலி மாதிரியேதான் இருந்துச்சு, ஆனா தெளியுறதுக்கு மட்டும் ரொம்ப லேட் ஆச்சு. அப்போ போற வழியும் வர்ற வழியும் ஒண்ணு இல்லன்னுதானே அர்த்தம்! இதவிட என்ன அசர வச்சது 2016-ல பாஸ்டன்ல கென் சோல்ட், எமரி பிரவுன்ங்குற மயக்கவியல் ஆராய்ச்சியாளருங்க எல்லாம் சேர்ந்து செஞ்சது. ஐசோஃப்ளூரேன்ங்குற மயக்க கேஸ் நிக்காம போய்க்கிட்டே இருக்கு, எலி மல்லாந்து கெடக்கு, நடுமூளையில விடிஏங்குற எடத்துல இருக்குற டோபமின் செல்கள் மேல மட்டும் லைட் அடிச்சி தூண்டுறாங்க, எலி பொரண்டு கால ஊனி எந்திரிக்குது. மருந்து எறங்கவே இல்லீங்க!

ஆபரேஷன் தியேட்டர்லயும் பாத்தீங்கன்னா மொதல்ல மூச்சு தானா வரும், அப்புறம் எச்சில் முழுங்குவாங்க, இருமுவாங்க, "கண்ணத் தொறங்க"ன்னா தொறக்குறது அதுக்கும் பின்னாடிதான், அதாவது மூளைத்தண்டு மொதல்ல, மேல்மூளை கடைசில.

நார்கோலெப்ஸி (பகல்லயே அடக்க முடியாம தூக்கம் வர்ற நோய்) இருக்கவங்களுக்கு பெரும்பாலும் இந்த ஒரெக்சின்தான் கொறைவு, அதனால சர்ஜரிக்கு முன்னாடியே மயக்க டாக்டர்ட்ட தயவுசெஞ்சு சொல்லிடுங்க. கட்டுரையிலயும் இத சேத்துடுங்க சார்.