என்னைத் தூக்காதீர்கள், சரிவுப்பாதை போடுங்கள்

"தூக்கிடலாம் மேடம், நாலு பேர் இருக்கோம்."

போன சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குள் இந்த வார்த்தையை ஏழு முறை கேட்டேன். எண்ணி வைத்திருக்கிறேன். சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய தீம் பார்க். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் திட்டிவிட்டு மற்றதையெல்லாம் மறந்துவிடுவோம். நான் போன மூன்று பூங்காக்களிலும் இதே கதைதான்.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. நாற்பது வருஷம் இரண்டு காலிலும் காலிப்பர் என்ற தாங்குசட்டம் மாட்டி, கக்கத்தில் கட்டை வைத்து நடந்தேன். படித்தேன், வேலைக்குப் போனேன், பஸ் ஏறினேன். அதற்கான விலையைத் தோள்பட்டை கொடுத்தது. காலின் வேலையைத் தோள் செய்தால் எத்தனை நாள் தாங்கும்? போலியோ வந்தவர்களில் பலருக்கு நடுவயதில் தசைகள் மறுபடி தளர ஆரம்பிக்கும், அதுவும் சேர்ந்துகொண்டது. "கால் போனது போகட்டும், இனிமே கையைக் காப்பாத்துங்க" என்றார் டாக்டர். பி.எஃப். பணத்தை எடுத்து நான்கு சக்கர பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். சாலையில் ஓடும் ஸ்கூட்டர் இல்லை. ஒரு நாற்காலி, முன்னால் ஒரு ஹேண்டில், நான்கு சின்னச் சக்கரம். விரலால் லீவரை அழுத்தினால் நகரும், விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். வேகம் மனுஷர் நடக்கிற வேகம்தான். வீடு, பேங்க், காய்கறிக்கடை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான். யார் கையையும் பிடிக்காமல் போய் வருகிறேன். ஐம்பத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த விடுதலை அது.

அந்த விடுதலை பூங்காவின் பார்க்கிங்கிலேயே நின்றுவிட்டது.

"வண்டியெல்லாம் உள்ள போகாதும்மா. ஸ்டாண்டுல போட்டுட்டு டோக்கன் வாங்கிக்குங்க." வண்டி இல்லை தம்பி, இதுதான் என் கால் என்றேன். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவர் வந்து, பேட்டரி வண்டி உள்ளே வந்தால் குழந்தைகள் மேல் மோதும் என்றார். உள்ளே தண்ணீர் கேன் ஏற்றிய டிராலியும், பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பேட்டரி காரும் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்தைந்து நிமிஷம் வெயிலில் நின்று வாதாடினோம். என் வீட்டுக்காரர் மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாவற்றையும் போனில் காட்டினார். கடைசியில், "எங்ககிட்ட வீல்சேர் இருக்கு மேடம், அதுல உக்காருங்க, சார் தள்ளிக்கட்டும்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் கால் வைக்கும் பலகை இல்லை. ஒரு டயரில் காற்று இல்லை. அதற்கும் ஒரிஜினல் ஆதாரைக் கொடுத்துவிட்டுப் போகணுமாம்.

நான் ஏன் அதில் உட்கார வேண்டும்? எனக்கு நகரத் தெரிகிறது. எந்தப் பக்கம் போகணும், எங்கே நிற்கணும், மகளின் பின்னால் எப்போது போகணும் என்பதை நானே முடிவு செய்கிறேன். அதைப் பிடுங்கி, இன்னொருவர் தள்ளினால்தான் நகர முடியும் என்ற நிலையில் என்னை உட்கார வைத்துவிட்டு அதற்கு 'வசதி' என்று பெயர் வைக்கிறார்கள். மறுத்துவிட்டேன். வேண்டா வெறுப்பாக விட்டார்கள்.

டிக்கெட் முழு டிக்கெட். அதில் எனக்குப் புகாரே இல்லை, சலுகையும் கேட்கவில்லை. முழுக் காசு வாங்கிக்கொண்டால் முழு வாசலையும் திற, அவ்வளவுதான். சுழலும் கம்பிக் கதவில் ஸ்கூட்டர் நுழையாது. பக்கத்திலிருந்த பெரிய கேட்டின் சாவி ஆபீசில். சாவி வருவதற்குள் அண்ணன் பையனும் என் மகளும் உள்ளே போய், கம்பிக்கு அந்தப் பக்கம் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

இனி சொல்லப் போவதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சாப்பாட்டுக் கூடம் தரையிலிருந்து உயரத்தில். முன்பக்கம் படி. பின்பக்கம் சிமெண்ட் சரிவு ஒன்று, கூல்டிரிங்க்ஸ் கிரேட் ஏற்றும் டிராலிக்காகப் போட்டது. என் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும், பிறகு அளந்து பார்த்தோம். உயரம் 14 அங்குலம். சரிவின் நீளம் நாலரை அடி. சரிவுப்பாதைக்கு 1:12 என்று ஒரு கணக்கு உண்டு, ஓர் அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும். அந்தக் கணக்கில் இங்கே 14 அடி இருந்திருக்க வேண்டும். நாலரை அடியில் 14 அங்குலம் ஏறுவது சறுக்குமரம். அதன்மேல் மொழுமொழுவென்று டைல்ஸ், நீச்சல்குளத்திலிருந்து வருகிறவர்கள் சொட்டிவிட்டுப் போன தண்ணீர்.

"மேடம் ஏறுங்க, நாங்க பின்னாடி தள்றோம்" என்று இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். தள்ளாதீங்க தம்பி, வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், தள்ள வசதியாக இருக்கட்டும் என்று ஒருவர் பின்னாலிருந்த சின்ன லீவரைத் தட்டிவிட்டார். இந்த ஸ்கூட்டரில் காந்த பிரேக் இருக்கிறது. மோட்டார் ஓடாதபோதெல்லாம் அதுதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த லீவரைத் தட்டினால் பிரேக் விட்டுவிடும், மோட்டாரும் ஓடாது. சமதளத்தில், ஆள் உட்காராமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்காக மட்டும் வைத்த லீவர். சரிவில் நான் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தட்டினால் வண்டியும் நானும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல், எந்தப் பிடிப்பும் இல்லாமல் பின்னால் உருளுவோம்.

உருண்டோம். என் வீட்டுக்காரர் குறுக்கே நின்று உடம்பால் தடுத்தார். அவர் முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம். கீழே ஐஸ்கிரீமோடு ஒரு குழந்தை நின்றிருந்தது, அவளுடைய அம்மா இழுத்துக்கொண்டார். அரை நொடி தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. இருபது வயது இருக்குமா? மதியம் ஒரு மணி வெயிலில், யாரும் எதுவும் சொல்லித்தராமல், தங்களுக்குத் தெரிந்த உதவியைச் செய்ய ஓடி வந்த பிள்ளைகள். பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார்கள். என் கோபமெல்லாம் அவர்களை அங்கே நிறுத்தியவர்கள் மேல்தான். ஒழுங்கான சரிவுப்பாதைக்கு ஆகும் சிமெண்ட் செலவை மிச்சம் பிடித்து, அந்தப் பாரத்தை இந்தப் பிள்ளைகளின் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள்.

மேனேஜர் வந்தார். "நாலு பேர் சேர்ந்து தூக்கிடுவாங்க மேடம், எங்க ஸ்டாஃப் ரொம்ப ஹெல்ப்ஃபுல்." அது நாலாவது முறை.

தூக்குவதென்றால் என்னவென்று ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? முன்பின் தெரியாத நாலு ஆண்கள். ஒருவர் கக்கத்தில் கை கொடுப்பார், ஒருவர் தொடையைப் பிடிப்பார். சுடிதார் எங்கே ஏறியது என்று பார்க்கக்கூட என் கை சும்மா இருக்காது, விழாமல் இருக்க யார் கழுத்தையாவது பிடித்திருக்கும். தேய்ந்துபோன தோளைப் பிடித்து இழுத்தால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் போகும். சுற்றிலும் சாப்பிடுகிற கூட்டம். அதில் ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடிப்பார். அன்றும் ஒருவர் பிடித்தார். என்னைக் கேட்கவே இல்லை. "நல்ல விஷயம்தானே மேடம், நாலு பேர் பார்க்கட்டும்" என்றார் அந்த ஆள். என் உடம்பு அவருடைய ரீல்ஸுக்கு நல்ல விஷயம்! அழிக்கச் சொல்லிச் சத்தம் போட்ட பிறகுதான் அழித்தார்.

"நாங்க பிரைவேட் மேடம், கவர்ன்மென்ட் ரூல் எங்களுக்கு வராது" என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பொதுக்கட்டடம் என்றால் என்னவென்று அதிலேயே எழுதியிருக்கிறது. அரசுக் கட்டடமானாலும் தனியார் கட்டடமானாலும், பொதுமக்கள் வந்து போகும் இடமெல்லாம் பொதுக்கட்டடம்தான். ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்குமான இடங்களையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம். விதிகள் வந்தது 2017 ஜூனில். அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து மீறினால் 50,000-இலிருந்து ஐந்து லட்சம் வரை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ராதூரி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: அணுகல் வசதிக்கான அளவுகளை வெறும் பரிந்துரை மாதிரி வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளைக் கொண்டுவர வேண்டும் என்று. இதையெல்லாம் ஈரத் தரையில், ரத்தம் வடிகிற கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. மேனேஜர் தலையாட்டினார். பிறகு, "புரியுது மேடம், இப்போதைக்குத் தூக்கிடலாமா?" என்றார்.

ரைடுகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோலர் கோஸ்டரில் ஏற்று என்று நான் கேட்கவில்லை. நடுவழியில் நின்றுவிட்டால் பயணிகள் ஏணியில் இறங்க வேண்டிவரும், கால் ஊன்றிப் பிடித்துக்கொள்ள வேண்டிய குலுக்கல் இருக்கும். அங்கே என்னை விடமாட்டேன் என்றால் அது என் பாதுகாப்புக்காக, மனசார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குட்டி ரயில்? நடக்கிற வேகத்தில் பூங்காவைச் சுற்றி வரும் அந்த ரயிலில் கடைசிப் பெட்டியில் ஒரு சீட்டைக் கழற்றி, ஏற ஒரு தகரப் பலகை வைத்தால் போதும். பொம்மை ஷோ நடக்கும் அரங்கம்? அதன் வாசலில் மூன்றே மூன்று படி. ராட்டினத்துக்கு வரிசை கட்டிய கம்பிகள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன, எந்த வளைவிலும் ஸ்கூட்டர் திரும்பாது. பக்கத்திலேயே அகலமாக, நேராக, ஒரு படிகூட இல்லாமல் ஒரு பாதை இருந்தது. அதிகக் காசு கொடுத்து முந்திப் போகிறவர்களுக்கானது அது. அதில் போகிறேன் என்றேன். அதற்குத் தனி டிக்கெட் எடுக்கணும் என்றார்கள். வரிசையில் முந்த நான் கேட்கவில்லை, என் முறை வரும்வரை நிற்கிறேன், பாதையை மட்டும் கொடுங்கள் என்றேன். "சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல மேடம்."

அப்புறம் டாய்லெட். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும், என்னைப் போன்ற பெண்கள் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. வெளியூர் போகும் நாளில் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. போகும் இடத்தில் நுழையக்கூடிய கழிப்பறை இருக்குமா என்று தெரியாததால், நாக்கு வறண்டாலும் குடிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறோம். இங்கே சக்கர நாற்காலி படம் போட்ட போர்டைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பூட்டியிருந்தது. திறந்தால் உள்ளே மாப், வாளி, ப்ளீச்சிங் பவுடர் மூட்டை. மூட்டையை எடுத்தாலும் கதவு உள்பக்கமாகத் திறப்பதால் ஸ்கூட்டர் உள்ளே போனதும் கதவைச் சாத்த முடியாது. என் மகள் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலை மறைத்து நின்றாள். பதினாலு வயதுப் பிள்ளை, விடுமுறையைக் கொண்டாட வந்தவள்.

முடியாத காரியமா இது? அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்று ஒரு பூங்கா 2010-இல் திறந்தார்கள். கோர்டன் ஹார்ட்மன் என்பவர் தன் மகளை மனதில் வைத்துக் கட்டியது. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறும் ராட்டினம் இருக்கிறது. 2017-இல் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்ப் பூங்காவும் வந்தது, அங்கே நனைந்தாலும் கெடாத, காற்றழுத்தத்தில் ஓடும் நாற்காலிகளைக் கொடுக்கிறார்கள். பேட்டரியை வெளியே விட்டுவிட்டு நனையப் போகலாம்! அவ்வளவு தூரம் போவானேன், நம் மெரினாவிலேயே 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போக 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்களே. கடலைக் கிட்டத்தில் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் உடைந்தது, திரும்பச் சரிசெய்தார்கள். மணலிலேயே பாதை போட முடிகிறது. சிமெண்ட் தரையில் பத்து அடி கூடுதலாக நீட்ட முடியாதா?

வீட்டுக்கு வந்ததும் அண்ணி போன் செய்து, "நீங்க அடுத்த தடவை வீட்லயே இருந்துடுங்க, எதுக்கு இவ்வளவு கஷ்டம்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. பூங்காக்காரர்களும் அதையேதான் எதிர்பார்க்கிறார்கள். நாங்கள் அலுத்துப்போய் வீட்டில் இருந்துவிட்டால், "இங்க யாரும் அப்படி வர்றதே இல்ல மேடம்" என்று அடுத்தவரிடம் சொல்ல வசதி. அதையும் அன்று என்னிடம் சொன்னார்கள்.

திங்கட்கிழமை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். சரிவின் அளவு, கழிப்பறையின் படம், வீட்டுக்காரர் காலில் போட்ட கட்டின் ரசீது எல்லாம் இணைத்திருக்கிறேன். கேட்டிருப்பது இவ்வளவுதான்: வாசலில் அகலமான கேட் திறந்தே இருக்க வேண்டும், சொந்த ஸ்கூட்டரை யாரும் தடுக்கக் கூடாது, சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஷோ அரங்கத்துக்கும் 1:12 சரிவு வேண்டும், குட்டி ரயிலில் ஒரு சீட் போக வேண்டும், கழிப்பறையிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் மூட்டை போக வேண்டும். அடியில் கையால் எழுதிச் சேர்த்தேன்: அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளை உட்கார வைத்து, அந்தச் சின்ன லீவர் எதற்கு என்று காட்டிக்கொடுங்கள். "தூக்கிடலாம்" என்று சொல்வதற்கு முன்னால் "என்ன செய்யணும் மேடம்?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.