கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்தால் கிடைத்துவிடுமா?

விரும்பியது ஏற்கெனவே கிடைத்துவிட்டதாகத் தினமும் மனத்தில் கண்டு மகிழ்ந்தால் அது கைகூடும், உளவியலே இதை நிரூபித்துவிட்டது என்று ஒரு நண்பர் பதிவு எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அன்புடன் ஒரு திருத்தம்.

ஆய்வுகளில் தெரிந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. உளவியல் ஆய்வாளர்களான கேப்ரியேல் ஓட்டிங்கனும் தாமஸ் வாடனும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களில் மெலிந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கே எடை குறைவாக இறங்கியது. 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்களுக்கோ கூடுதலாக இறங்கியது. ஓட்டிங்கனும் டோரிஸ் மேயரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய பட்டதாரிகளிடமும் இதே போக்குதான். அதிகம் கனவு கண்டவர்களுக்கு கிடைத்த வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. வேலையின்றித் தவிக்கும் பிள்ளைகளிடம் 'நீ சரியாகக் கற்பனை செய்யவில்லை' என்று பழி போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரிபார்ப்பது எளிது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஆய்வாளர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் (Oettingen, Wadden; Oettingen, Mayer) இட்டு, ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஆய்வுச் சுருக்கத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம். எதிர்பார்ப்பையும் கற்பனையையும் அவர்கள் தனித்தனியாக அளந்திருப்பதைக் கவனியுங்கள். நண்பரின் பதிவு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.