புது இன்ஜின்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்

வாரண்டியில் இருக்கும் காரின் இன்ஜின் போய், கம்பெனி ‘ரீமேன்’ இன்ஜின் (பழையதை ஃபேக்டரியில் பிரித்துப் புதுப்பித்தது) தருகிறேன் என்றால், நம்மவர்கள் சொல்லும் முதல் வார்த்தை: “ஏமாந்துடாதே, பழசுக்குப் பெயின்ட் அடிச்சுத் தர்றான்.” என் கார் நின்றபோது அலுவலகத்தில் இருந்து சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் வரை இதையேதான் கேட்டேன். ஆனாலும் ரீமேனுக்கே தலையாட்டினேன். இன்னொரு முறை நடந்தாலும் ரீமேனையேதான் கேட்டு வாங்குவேன்.

சர்வீஸ் சென்டர் முதலில் காட்டிய வழி வேறு. இன்ஜினை அங்கேயே பிரித்து, பேரிங், ரிங் மாற்றி, கிராங்கை (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) வெளியே லேத்துக்கு அனுப்பிக் கோர்த்துத் தருவது. கைதேர்ந்த மெக்கானிக் செய்தால் அதுவும் பிரமாதமாக ஓடும். ஆனால் அந்தக் கை யாருடையது என்று நமக்குத் தெரியாதே! ரீமேனில் அதே வேலை ஃபேக்டரியில் நடக்கிறது. பிளாக் வரை கழற்றிக் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து, போர் (பிஸ்டன் ஓடும் துளை), கிராங்க் அளவுகளைப் பார்த்து, தேறாததைக் கழித்துவிட்டு, ரிங், பேரிங், கேஸ்கெட், சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, டெஸ்ட் செய்து அனுப்புகிறார்கள். பாரிஸ் பக்கத்தில் சுவாசி-ல-ருவா ஆலையில் பிரெஞ்சு கார் கம்பெனி ரெனோ (Renault) 1949லேயே இதைத் தொடங்கிவிட்டது.

சரி, புதுசு என்றால் பயமில்லையா? அமெரிக்காவில் ஹூண்டாயின் தீட்டா 2 இன்ஜின் கதையைப் பாருங்கள். அலபாமா ஆலையில் கிராங்க் கடைந்தபோது மிஞ்சிய உலோகத் துகள் ஆயில் போகும் வழியை அடைக்க, கனெக்டிங் ராடு பேரிங்குகள் எண்ணெய் இல்லாமல் தேய்ந்தன. 2015இல் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017இல் கியாவையும் சேர்த்து ஏறக்குறைய 12 லட்சம். எல்லாம் புத்தம் புதிதாக ஆலையில் இருந்து வந்த இன்ஜின்கள்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2019 ஜனவரியில் நடந்தது. அந்த ரீகாலில் இன்ஜின் மாற்றிய கார்களில் ஹை பிரஷர் ஃபியூல் பைப்பைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம், பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று சுமார் 1.68 லட்சம் கார்களை மறுபடி அழைத்தார்கள். வந்த இன்ஜின் நல்லதாக இருந்தும் மாட்டியதில் கோளாறு!

அதனால் சர்வீஸ் அட்வைசரிடம் “புதுசா, பழசா?” என்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆயில் கூலரை (இன்ஜின் ஆயிலைக் குளிர வைக்கும் பாகம்) மாற்றுகிறீர்களா என்று கேளுங்கள். பழைய இன்ஜின் பேரிங் தின்று செத்திருந்தால் அந்தத் தூள் கூலரிலும் ஆயில் லைனிலும் தங்கியிருக்கும். டர்போ வண்டி என்றால் அதற்குப் போகும் லைனிலும். அதை அப்படியே விட்டு எந்த இன்ஜினைப் போட்டாலும் கொஞ்ச நாளில் அதுவும் போகும். நான் கேட்டபோது அட்வைசர் முகம் சுளித்தார், அப்புறம் ஜாப் கார்டில் எழுதினார். வந்திருக்கும் இன்ஜினுக்கு எத்தனை மாத வாரண்டி, இல்லை பழைய வாரண்டியில் மிச்சம் இருப்பது மட்டும்தானா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

“கன்சூமர் கோர்ட்டுக்குப் போ, புதுக் காரே தருவான்” என்ற யோசனையும் வந்தது. 2006இல் மாருதிக்கும் சுஷீல் குமார் கப்கோத்ராவுக்கும் இடையிலான வழக்கில், வாரண்டியின்படி பழுதான பாகத்தைத்தான் மாற்ற வேண்டும், முழுக் காரை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஜின் போனதைக் காட்டி மட்டும் புதுக் கார் வாங்கிவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது இன்ஜின் நம்பரில். நம்பர் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, இன்ஜின் மாற்றியதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் அதைத்தான் முதலில் பிடிப்பார். இதற்கான பில், கடிதம் எல்லாவற்றையும் வண்டியை டெலிவரி எடுக்கும் அன்றே கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் அந்த அட்வைசர் லீவில் இருப்பார்.