மாவோ அசாடாவின் அந்த நான்கு நிமிடங்கள்
உங்கள் கட்டுரையில் ஜப்பானின் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கியபடி தாவிச் சுழன்று ஆடும் விளையாட்டு) வீராங்கனை மாவோ அசாடாவை 'ஒலிம்பிக் தங்கம் கிடைக்காதவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், மனசு கேட்கவில்லை. 2005 டிசம்பரில் ஸ்கேட்டிங்கின் பெரிய சர்வதேசத் தொடரான கிராண்ட் பிரீயின் இறுதிப் போட்டியையே ஜெயித்த பெண், 87 நாள் வயது குறைவு என்பதால் 2006 டூரின் ஒலிம்பிக்கில் இறங்க முடியவில்லை. 2010 வான்கூவரில் ஒரே போட்டியில் மூன்று டிரிபிள் ஆக்ஸல்! முன்பக்கம் பார்த்தபடி எகிறி, காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டிய தாவல் அது. கிடைத்தது வெள்ளி.

சரி, 2014 சோச்சி. முதல் நாள் விழுந்து 16-வது இடம். மறுநாள் நான்கு நிமிட ஆட்டம்; டிரிபிள் ஆக்ஸலில் தொடங்கி ஒரு தாவலில்கூட விழாமல் ஆடி முடித்ததும் தலையை மேலே தூக்கினார், முகம் கோணி அழுகை வந்துவிட்டது, அப்புறம் அதை அடக்கிக்கொண்டு லேசாகச் சிரித்துவிட்டு நடுவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அந்த ஆட்டத்துக்கு 142.71 புள்ளிகள், இரண்டு நாளும் சேர்த்து மொத்தத்தில் ஆறாவது இடம். அடுத்த மாதமே ஜப்பானின் சைத்தாமாவில் மூன்றாவது முறையாக உலக சாம்பியன். இதையெல்லாம் கட்டுரையில் சேருங்கள், தயவுசெய்து. நான் இன்றும் எடுத்துப் பார்ப்பது அந்த ஆறாவது இடத்து ஆட்டத்தைத்தான்.