கதை மட்டும் போதும் என்று மெக்கின்டயர் சொல்லவில்லை

"குழந்தைக்குக் கதை சொன்னாலே நற்பண்பு வந்துவிடும் என்று தத்துவவாதி அலஸ்டர் மெக்கின்டயர் நிறுவிவிட்டார், சேலம் பள்ளிகளில் நன்னெறிக்குக் கதை நேரம் மட்டும் போதும்" என்று இந்த இழையில் பகிர்கிறார்கள். பாதிதாங்க சரி.

1981-ல் வந்த 'ஆஃப்டர் வர்ச்சூ' நூலின் 15-ஆம் அத்தியாயத்தில், கதை கேட்காமல் வளரும் பிள்ளை சொல்லிலும் செயலிலும் திக்கித் தடுமாறும் என்கிறார். சுற்றி வருவது இந்த வரிதான். 14-ஆம் அத்தியாயத்தை யாரும் சொல்வதில்லை. அங்கே பண்பு வளரும் இடம், விவசாயம், செஸ் போலத் தனக்கென்று அளவுகோல் உள்ள செயல்பாடு. ஏழு வயதுப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து செஸ் ஆட வைப்பதாக ஓர் உதாரணம் சொல்கிறார். மிட்டாய்க்காக மட்டும் ஆடும்வரை, கள்ள ஆட்டம் ஆடாமலிருக்க அதற்குக் காரணமே கிடையாது. ஆட்டத்தின் நுட்பமே பிடித்துப்போன பிறகு ஏமாற்றினால், அந்தப் பிள்ளை தன்னையே தோற்கடித்துக்கொள்கிறது. நம்மூர்க் கொலுசுப் பட்டறையிலும் பற்றவைப்பைக் காதால் கேட்டு மட்டும் யாரும் கற்பதில்லையே!

சரிபார்க்க நூலகத்தில் எந்தப் பதிப்பு கிடைத்தாலும் சரி. பக்க எண் மாறலாம், அத்தியாய எண் மாறாது. 14-ஐ முதலில் படித்துவிட்டு 15-க்குப் போங்க. இதற்கு மூலமான அரிஸ்டாட்டில் வேண்டுமென்றால், 'நிக்கோமாக்கிய அறவியல்' இரண்டாம் நூலின் முதல் அத்தியாயம்: ஒழுக்கப் பண்பு பழக்கத்தால் வருகிறது என்று தொடக்கத்திலேயே இருக்கிறது.