மாறாத 1,846 வரிகள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். பை தோளில் ஏறியாகிவிட்டது. அப்போதுதான் கூட நிரல் எழுதும் தம்பி ஒருவனிடமிருந்து செய்தி: "அண்ணா, சின்ன சேஞ்ச்தான், ஒரு அப்ரூவ் போட்டுவிடுங்க."

திறந்தேன். அவன் மாற்றிய நிரல்; நீக்கிய வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில். 1,846 வரி சிவப்பு, 1,846 வரி பச்சை. சிவப்பில் என்ன இருக்கிறதோ அதுவேதான் பச்சையிலும். ஒரு கமா மாறவில்லை, ஒரு புள்ளி மாறவில்லை. மாறியது வரியின் வால் மட்டும். யூனிக்ஸ் உலகம் வரி முடிவுக்கு ஒரு குறி (எல்எஃப்) போடும், விண்டோஸ் இரண்டு (சிஆர்எல்எஃப்) போடும். தட்டச்சு இயந்திரத்தில் வண்டியை வரித் தொடக்கத்துக்குத் தள்ளுவதற்கு ஒன்று, தாளை ஒரு வரி உருட்டுவதற்கு ஒன்று என்று இருந்த காலத்து மிச்சம் அது. அந்த இயந்திரத்தை என் தம்பி கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் அதன் வண்டி இன்னும் என் தலைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானும் மனுஷன்தானே. நாலு பக்கம் உருட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது, அப்ரூவ் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆனால் அந்த 1,846-இல் ஒரே ஒரு வரி நிஜமாகவே மாறியிருந்தது. பணம் செலுத்தும்போது காத்திருக்கும் நேரம் 30 வினாடி என்று இருந்தது, சோதித்துப் பார்க்க 3 என்று மாற்றிவிட்டு, திருப்பி வைக்க மறந்திருக்கிறான். திங்கட்கிழமை காலை என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? "ரிவ்யூ பண்ணது யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. தனியாக அந்த ஒரு வரியைக் காட்டியிருந்தால் தூக்கக் கலக்கத்திலும் பிடித்திருப்பேன் ஐயா!

எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. கிட் மேல்தான்.

நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்க 2005-இல் வந்த கருவி இது. கோப்பை அதன் உள்ளடக்கத்தின் ஹாஷை, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்ணை, வைத்து அடையாளம் காணும் புத்திசாலி. ஒரு கோப்பைத் திறந்து ஒன்றும் செய்யாமல் பத்து முறை சேமித்துப் பாருங்கள், அசையாது. கமிட் செய்யவே (மாற்றத்தைப் பதிந்து வைக்கவே) ஒன்றுமில்லை, போ என்று அனுப்பிவிடும். வெற்றுக் கமிட் வேண்டுமென்றால் தனியாகக் கட்டளை கொடுத்துக் கெஞ்ச வேண்டும். இந்த விஷயத்தில் பெர்ஃபோர்ஸ் என்ற இதே மாதிரி இன்னொரு கருவியைவிடத் தேவலை. அங்கே திருத்துவதற்காக எடுத்த கோப்பைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தாலும் புதுப் பதிப்பு எண் விழுந்துவிடும், மாறாததை விட்டுவிடு என்று நாம்தான் அமைத்து வைக்க வேண்டும். சரி, ஒரு பைட்கூட மாறாதபோது வாசலிலேயே மறிக்கத் தெரிந்த கிட், யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு பைட் ஒவ்வொரு வரியிலும் மாறினால் மட்டும் ஏன் மாலை போட்டு உள்ளே அழைக்கிறது?

கேட்டால் உடனே ஒருவர் வருவார். "ஸ்பேஸை ஒதுக்கிப் பார்க்க ஆப்ஷன் இருக்கே ப்ரோ." இருக்கிறது. மாற்றத்தைக் காட்டும் டிஃப்புக்கு இருக்கிறது, எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் பிளேமுக்கும் இருக்கிறது. வரி முடிவுக்கு ஆட்டோ சிஆர்எல்எஃப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் மூன்று விதம். ஒவ்வொருவன் மடிக்கணினியிலும் ஒவ்வொன்று. நிரல் இருக்கும் ரெப்போவிலேயே, வரி முடிவு எது என்று சொல்லும் கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பு வைத்தால் தீரும், அதுவும் தெரியும். எல்லாம் இருக்கிறது, ஆனால் தெரிந்தவனுக்கு மட்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே யார் வகுப்பு எடுப்பது?

பிளேம் கதை இதைவிடக் கொடுமை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மூன்று வருடம் முன்பு ஒரு கோப்பில் டேபை எல்லாம் ஸ்பேஸ் ஆக்கினேன், அவ்வளவுதான் செய்த குற்றம். அன்றிலிருந்து அந்தக் கோப்பின் தகப்பன் நான்தான். இரவு ஒரு மணிக்குப் போன். "அண்ணா, வட்டிக் கணக்கு வரியில உங்க பேருதான் காட்டுது." எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார், நான் கொட்டாவி விட்டபடி அவருடைய வட்டிக் கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட கமிட்டுகளைப் பிளேமிலிருந்து விலக்கிவைக்க 2019-இல் வழி வந்தது. எப்படித் தெரியுமா? அந்தக் கமிட்டுகளின் ஹாஷையெல்லாம் நாமே ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஒவ்வொருவரும் தன் கணினியில் அதைச் சுட்டிக்காட்ட வேண்டுமாம். குப்பை போடுவது கருவி, பட்டியல் எழுதுவது நான்.

தமிழில் வேலை செய்கிறவனுக்கு இன்னொரு தனிச் சித்திரவதை உண்டு. போன மாதம் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பு. சிவப்பில் 'கொள்முதல் விவரம்'. பச்சையில் 'கொள்முதல் விவரம்'. திரையை 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஸ்பேஸை ஒதுக்கும் ஆப்ஷனைப் போட்டேன், அப்போதும் போகவில்லை. கடைசியில் பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், ஒருவருடைய விசைப்பலகை 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாக 3 பைட்டில் போட்டிருக்கிறது. இன்னொருவருடையது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக 6 பைட்டில் போட்டிருக்கிறது. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனால் டிஃப் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது; ஒரே மாதிரி இரண்டு வரியைக் காட்டிவிட்டு, கண்டுபிடி பார்க்கலாம் என்று கைகட்டி நிற்கும்.

அப்புறம் மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் அந்த பிஓ கோப்புகள். மூலத்திலிருந்து சொற்களைத் திரும்ப எடுத்தாலே தலைப்பில் தேதி மாறும், வரி எண்கள் நகரும். ஒரு சொல்கூடப் புதிதாக இல்லாமல் இருபது மொழிக் கோப்புகள் மாறியதாக வந்து நிற்கும். முறத்தில் போட்டுப் புடைத்தால் பதர்தான் மிஞ்சும்.

கருவி தானாகவே இதையெல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பைதானில் உள்தள்ளலை மாற்றினால் அர்த்தமே மாறும். நிரலைக் கட்டும் வழிமுறைகள் இருக்கும் மேக்ஃபைலில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் வந்தால் ஓடவே ஓடாது. வைத்துக்கொள், எல்லா பைட்டையும் பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் கமிட் செய்யும்போதே சொல்லேன்: "இந்தக் கோப்பில் 1,845 வரிகளில் வரி முடிவு மட்டும் மாறியிருக்கிறது, ஒரு வரியில் 30 என்பது 3 ஆகியிருக்கிறது, இரண்டையும் தனித்தனி கமிட்டாகப் போடட்டுமா?" கணக்குப் பார்க்கத் தெரிந்த கருவிதானே? அதைவிட்டு, எல்எஃப் சிஆர்எல்எஃப் ஆக மாற்றப்படும் என்று ஓர் எச்சரிக்கையைக் கோப்புக்கு ஒன்றாகக் கொட்டுகிறது. அதைப் படித்துப் புரிந்து கையை நிறுத்திய ஒரு ஜீவனை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே தம்பியிடமிருந்து இன்னொரு ரிவ்யூ வந்திருக்கிறது. 37 கோப்புகள், மாறிய வரிகள் 0. திறந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் 100644 என்ற அனுமதி எண் 100755 ஆகியிருக்கிறது, அதாவது கோப்பை ஓட்டலாம் என்ற அனுமதி சேர்ந்திருக்கிறது. ஏதோ பென் டிரைவ் வழியாகக் காப்பி செய்தானாம்.

"சின்ன சேஞ்ச்தான் அண்ணா" என்று கீழே எழுதியிருக்கிறான்.