கிரேவியில் தண்ணீர் தனியாக ஓடுவது ஏன்?

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சமையல் பேச்சு வந்தாலே யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "ஹோட்டல்ல உள்ள மாதிரி கிரேவி வீட்டுல ஏன் வரமாட்டேங்குது?" உடனே ஃப்ரெஷ் கிரீம், முந்திரி, கார்ன்ஃப்ளவர், ஏதோ ஒரு மசாலா பாக்கெட் என்று ஆளுக்கொரு பொருளைச் சொல்வார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஹோட்டல் பதத்துக்குக் காரணம் இரண்டே வேலைகள். வெங்காயம் தக்காளியில் உள்ள தண்ணீரை முழுக்க வற்றவிடுவது. அரைப்பதை மையாக அரைப்பது. இவற்றைக் குறுக்கிவிட்டு மேலே எதைக் கொட்டினாலும், தட்டில் ஊற்றியதும் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், மசாலா ஒரு பக்கம் நிற்கும்.

பல்லாரியில், அதாவது பெரிய வெங்காயத்தில், ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். தக்காளியில் அதைவிட அதிகம், 94 சதவீதத்துக்கு மேல். சட்டிக்குள் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது. தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு ஏறும், நிறம் வரும், ஹோட்டல் கிரேவியில் வருகிற அந்த இனிப்புக் கலந்த மணமும் வரும். சமையல் வீடியோக்களில் "5 நிமிடம் வதக்கவும்" என்று சொல்வதை நம்பாதீர்கள் மக்களே. அரை கிலோ பல்லாரி மிதமான தீயில் நன்றாகச் சிவக்க அரை மணி நேரமாவது ஆகும். தொடக்கத்திலேயே கொஞ்சம் உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வெளியே வரும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும், அந்தக் கசப்பு கடைசிவரை போகாது.

பச்சை வெங்காயத்தை அப்படியே மிக்சியில் அடித்து எண்ணெயில் கொட்டுவதும் நிறையப் பேரிடம் உள்ள பழக்கம். அந்தக் காட்டமும் கசப்பும் எவ்வளவு வதக்கினாலும் லேசில் போகாது. வதக்கி அரைக்கலாம், அல்லது வேகவைத்து அரைக்கலாம். வட இந்திய வெள்ளை கிரேவிக்கு வெங்காயத்தையும் முந்திரியையும் சேர்த்து வேகவைத்து அரைத்து வடிகட்டுவார்கள். சிவப்புக் கிரேவிக்கு வதக்கல்தான்.

அப்புறம், "எண்ணெய் பிரிந்து வரும்வரை" என்று எல்லோரும் சொல்கிறோமே, அதன் காரணம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மசாலாவில் தண்ணீர் இருக்கும்வரை எண்ணெயும் தண்ணீரும் கலங்கி ஒன்றாக நிற்கும். தண்ணீர் வற்ற வற்ற எண்ணெய் வெளியே வருகிறது. அங்கேதான் மல்லி, மிளகாய் வத்தல் தூளின் பச்சை வாசனை போகும். நம் வீடுகளில் தவறு நடப்பது அதற்கு அடுத்த நிமிடத்தில். எண்ணெய் மிதந்ததும் குழாய்த் தண்ணீரை ஒரு செம்பு நிறைய ஒரேயடியாக ஊற்றிவிடுகிறோம். பிரிந்த எண்ணெய் திரும்பச் சேர வழியே இல்லை. வெந்நீரை அரைக் கரண்டி, ஒரு கரண்டியாக விட்டு, ஒவ்வொரு முறையும் கிளறிச் சேர்த்துப் பாருங்கள். அரைத்த வெங்காயத்தின் நார்ச்சத்து எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், குழம்பு பளபளவென்று ஒன்றாக நிற்கும். அடுப்பை அணைக்கும்போது வேண்டியதைவிடக் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கட்டும். ஆறினால் தானாக இறுகும்.

இனி அரைப்பு. இதில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். உள்ளித்தீயல் என்கிற சின்ன வெங்காயக் குழம்புக்குத் தேங்காயைச் சிவக்க வறுத்து, தண்ணீர் தொடாமல் அம்மியில் வைத்து, எண்ணெய் கக்கும்வரை அரைப்பார்கள். நைசாக அரைபடும்போது தேங்காய்க்குள் அடைந்திருக்கும் எண்ணெய் வெளியே வந்து, அதுவே குழம்புக்குக் கொழுப்பும் கனமும் தருகிறது. ஹோட்டல்காரர் முந்திரியில் செய்வதும் இதே வேலைதான். சாக்லேட் தயாரிப்பவர்கள் துகள்களைச் சுமார் 30 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே அரைத்து இறக்குகிறார்கள், அதற்கு மேல் போனால் நாக்கில் மணல் போல நெருடும் என்பதற்காக. கிரேவியில் நாம் "கிரீமி" என்று சொல்வதும் பெரும்பாலும் நெருடல் இல்லாத அந்த நைஸ்தான். கிரீமே ஊற்றாமல் அது வரும்.

அம்மி இப்போது எல்லா வீட்டிலும் இல்லை. சரி, மிக்சியிலும் முடியும். முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வதக்கிய வெங்காயத்தை முழுக்க ஆறவிடுங்கள். சூடாகப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். முதலில் தண்ணீர் அதிகம் விட்டால் துகள்கள் பிளேடில் சிக்காமல் சுற்றிச்சுற்றி ஓடும். ஆகவே கெட்டியாக அரைத்து, வழித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி அரைக்க வேண்டும். தக்காளி சேர்த்த கிரேவியை ஒருமுறை வடிகட்டியே ஆக வேண்டும். தோலும் விதையும் எந்த மிக்சியிலும் முழுக்க மசியாது.

தேங்காய்ப்பால் தனிக் கதை. புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, பால் திரிந்துபோன குழம்பைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. தேங்காய்ப்பாலில் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு 80 டிகிரிக்குப் பக்கம் போனதும் அது திரளத் தொடங்கும், பிடி விடும். அதனால் இரண்டாம் பாலில் கோழியை வேகவைத்து, தீயைக் குறைத்து, கடைசியில் முதல் பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். அரைத்த தேங்காய்க்கு நேர்மாறு. அந்த அரைப்பு நன்றாகக் கொதித்தால்தான் பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே வரும். புரோட்டாக் கடை சால்னாவின் மேல் மிதக்கும் எண்ணெய் அப்படி வருவது.

கார்ன்ஃப்ளவர் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது கெட்டியாக்கும், ஆனால் வழவழப்பாக, சூப்பு மாதிரி. மசாலா மணத்தையும் மட்டுப்படுத்தும். எனக்கு வேண்டாம். பொரிகடலையும் கசகசாவும் எவ்வளவோ மேல். இங்கிருந்து வளைகுடாவுக்கு மசாலா திரித்துக் கொடுத்துவிடுகிறவர்கள் மட்டும் கசகசாவைத் தொடக்கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், பிள்ளைகள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஹோட்டலில் வெங்காயம் உரிக்க ஒருவர், அரைக்க ஒருவர், அடுப்பில் ஒருவர். வீட்டில் இத்தனையும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. மேசையில் உட்கார்ந்துகொண்டு "ஹோட்டல் மாதிரி இல்லையே" என்று சொல்கிறவர் அந்த அரை மணி நேரம் அடுப்படியில் நின்று கிளறிக் கொடுக்கட்டும். பதம் தானாக மாறும்.

தினமும் இவ்வளவு நேரம் யாருக்கும் கிடைக்காது. அதனால் விடுமுறை நாளில் 2 கிலோ பல்லாரியை மொத்தமாக வதக்கி, அரைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடலாம். தேங்காயை இதில் சேர்க்க வேண்டாம். அதைச் சமைக்கிற அன்றைக்கு அரைத்துக்கொள்ளலாம். உறைந்த விழுதை நேராகச் சட்டியில் போடலாம். உருகி வரும் தண்ணீர் வற்றி எண்ணெய் தெரிந்த பிறகு கோழியைச் சேர்த்தால் போதும்.